குழந்தை சொன்ன காரணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் நூலரங்கத்திற்குத் தலைமை வகித்து ஆற்றிய முடிவுரை)

 

கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இந்த அவையில், பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்துப் பேரேடுகளோடு காலம் கழிக்கும் எனக்கு இத் தலைமையை அளித்தது சங்கத்தாரின் அன்பேயன்றி என் தகுதியன்று. ஆயினும், நூலரங்கம் பற்றி நான் பேசுவதற்குத் தகுதி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு இதே மேடையில் நிகழ்ந்த ஒரு பிழைக்கு நானும் உடந்தை. அதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மேலே செல்லுகிறேன்.

சென்ற ஆண்டும் “எனக்குப் பிடித்த புத்தகம்” என்பதே தலைப்பு. குழந்தைகள் பேசினார்கள், நாம் கைதட்டினோம். அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: “நன்னெறி புகட்டுவதால் இந்நூல் எனக்குப் பிடிக்கும்.” என் மகளும் பேசினாள். அவள் கையிலிருந்த தாளில் காணப்பட்ட எழுத்து என்னுடைய எழுத்து. வீடு திரும்பும் வழியில், “அந்தப் புத்தகத்தில் உனக்கு மிகவும் பிடித்த இடம் எதம்மா?” என்று கேட்டேன். “நான் அதைப் படிக்கவே இல்லையப்பா. நீங்கள் பேசத்தானே சொன்னீர்கள்?” என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொய் பேசலாகாது என்று சொல்லி வளர்த்த நானே, என் குழந்தையை ஒலிபெருக்கியின் முன் நிறுத்தி, ஊரார் கேட்க ஒரு பொய்யைச் சொல்ல வைத்திருக்கிறேன். அதைவிட மோசமான செய்தி ஒன்றும் உண்டு. என் மகளுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

ஆகவேதான், இவ்வாண்டு செயற்குழுவை வேண்டி மூன்று விதிகளை ஏற்படுத்தினோம். பெற்றோர் எழுதித் தரலாகாது. குழந்தை கையில் தாள் இருக்கலாகாது. புத்தகம் மட்டும் இருக்கலாம். எந்த மொழி நூலாயினும் சரி, எத்தகைய நூலாயினும் சரி. விளைவை இன்று மாலை நீங்களே கண்டீர்கள். முன் வரிசையில் இருந்தவர்கள் மட்டுமே எல்லாவற்றையும் கேட்டிருக்கக்கூடும் என்பதால், சிலவற்றைத் திரும்பச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் வந்தவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. கொண்டுவந்தது தெனாலிராமன் கதை. “ராஜா பெரியவர். ராமன் சின்னவன். ஆனாலும் ஒவ்வொரு கதையிலும் ராஜாதான் விழிக்கிறார். அதனால் பிடிக்கும்” என்றாள். நாம் சிரித்தோம். சிரித்த பிறகு சற்றே சிந்திப்போம். விடிந்தது முதல் படுக்கப் போகும் வரை, ‘எழு, குளி, எழுது, பேசாதே, ஓடாதே’ என்னும் ஆணைகளின் நடுவில் வாழும் ஒரு சிறு பிராணிக்கு, சிறியவன் வெல்லும் உலகம் ஒன்று அட்டைக்குள் இருக்கிறது என்பது எத்துணை ஆறுதல்! பெரியோராகிய நாம் அந்நூலில் சமயோசித புத்தியைக் காண்கிறோம். குழந்தை அதில் நியாயத்தைக் காண்கிறது.

அடுத்து வந்த சிறுவன் ‘இரும்புக்கை மாயாவி’ சித்திரக்கதையை உயர்த்திக் காட்டினான். 1972-ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான அந்த வீரரைத் தெரியாத தந்தையர் இங்கே சிலரே இருப்பர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை ஒன்றே கண்ணுக்குத் தெரியும். பிடித்ததற்கு இவன் சொன்ன காரணத்தைக் கேட்டீர்களா? “சுரங்கத்திற்குள் ஆள் தெரியாது, தலையில் உள்ள விளக்கு மட்டும்தான் தெரியும் என்று தாத்தா சொல்வார். தாத்தாவும் மாயாவி மாதிரிதான்.” எங்கோ இங்கிலாந்து நாட்டில் வெளியான ஒரு படக்கதைக்குள், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் உழைத்த தன் பாட்டனாரைக் கண்டுபிடித்தான் இப் பிள்ளை. படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுவிடுவான் என்று அதைப் பிடுங்கி மேலே வைப்போர் நம்மிடையே இன்றும் உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். இனி இருக்கமாட்டேன்.

மூன்றாவதாக வந்த பெண் குழந்தை கன்னட நூல் ஒன்றை எடுத்து வந்தாள். மகாகவி குவெம்பு குழந்தைகளுக்காகப் படைத்த ‘பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி’. பலவகை எலிகள் அணி வகுத்து ஓடும் இடத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, “சொல்லும்போதே கால் ஆடுகிறது, அதனால் பிடிக்கும்” என்றாள். அப்போது அவையின் பின்புறத்தில், ‘தமிழ்ச் சங்க மேடையில் கன்னடப் புத்தகமா?’ என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது என் காதிலும் விழுந்தது. அன்பர்களே, நாம் உண்பது இந்த மண்ணின் சோறு. நம் குழந்தைகள் பயில்வது இந்த மண்ணின் பள்ளியில். கன்னடத்தில் ஒரு நூலை இத்துணைச் சுவையோடு அனுபவிக்கத் தெரிந்த குழந்தைக்குத் தமிழ்நூலின் சுவையும் எட்டாமற் போகாது. சுவைக்கத் தெரியாத நாவுக்குத்தான் எந்த விருந்தும் வீண். ஆதலின் அக் குழந்தைக்கு முதல் பாராட்டை நான் சொல்லுகிறேன்.

நான்காமவள் சற்றுப் பெரிய பெண். அவள் கொண்டுவந்த நூல் ‘டோட்டோ சான்’. ஜப்பானிய நாட்டுத் தெத்சுகோ குரோயாநாகி அம்மையார் தம் இளமைப் பள்ளியைப் பற்றி 1981-இல் வெளியிட்ட நூல் அது. நேஷனல் புக் டிரஸ்ட் வாயிலாகத் தமிழிலும் கிடைக்கிறது. முதல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமியைத் தாய் வேறொரு பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாள். அப் பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, தாயை வெளியே அனுப்பிவிட்டு, “உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்” என்கிறார். சிறுமி நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒரு முறையேனும் சலிப்புக் காட்டாமல் கேட்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நம் பெண் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: “என்னிடம் யாரும் நான்கு நிமிடம்கூடக் கேட்டதில்லை, அதனால் பிடிக்கும்.” அரங்கத்தில் எந்தத் தந்தையும் தாயும் அப்போது தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானுந்தான்.

அந்நூலை நான் நேற்றுத்தான் படித்து முடித்தேன். அப் பள்ளியின் வகுப்பறைகள் எவை தெரியுமா? ஓட்டம் முடிந்த பழைய புகைவண்டிப் பெட்டிகள்! அவற்றில் அமர்ந்து அக் குழந்தைகள் பாடம் கற்றார்கள். 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அப் பள்ளி எரிந்து போயிற்று. ஆனால் அந்த நான்கு மணி நேரம் எரியவில்லை. கேட்கப்பட்ட ஒரு குழந்தை வளர்ந்து எழுதியதால், இன்று அது சாம்பியன் ரீப்ஸ் வரை வந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நான் பெட்டிகளை எண்ணிக் கணக்கெழுதுகிறேன்; ஒரு பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கலாம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

இறுதியாக வந்தவனைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

அவன் நாலாம் வகுப்பு மாணவன். பழைய ‘அம்புலிமாமா’ இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். 1947 ஜூலையில் தொடங்கி, பல தலைமுறைகளை மகிழ்வித்து, பின்னர் நின்றுபோன இதழ் அது. வீட்டுப் பெட்டியில் கிடைத்ததாம். விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளோடு நடக்கும் அந்தப் படத்தை நமக்குக் காட்டினான். பிறகு சொன்னான்: “இவர் கூட வேலை செய்தவருக்கு அடிபட்டுவிட்டது. இருட்டு. வழியில் பேய் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் இவர் அவரைக் கீழே போடாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அதனால் பிடிக்கும்.”

அவையில் ஒருவர், “அது வேதாளமப்பா! தப்பாகச் சொல்கிறாய்” என்றார். சிலர் சிரித்தனர். பையன் முகம் வாடிற்று. “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படம்தான் பார்த்தேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஆனால் மூன்றாம் வரிசையில் இருந்த முதியவர் சிலர் சிரிக்கவில்லை என்பதை நான் மேடையிலிருந்து கண்டேன். அவர்கள் நிலத்தின் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்ற சுரங்கத்தில் உழைத்தவர்கள். பாறை வெடித்துச் சிதறிய நாட்களில், உடன் உழைத்தவனை இருளில் சுமந்து வந்தது எப்படி என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்களுள் ஒருவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிறுவன் எழுத்தைப் படிக்கவில்லை, உண்மைதான். ஆனால் தன் ஊரை அந்தப் படத்தில் படித்துவிட்டான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே வேளையில், ஒன்றை மறைக்கவும் நான் விரும்பவில்லை. வீட்டில் தமிழ் பேசி, தமிழில் சண்டையிட்டு, தமிழில் கனவும் காணும் ஒரு பிள்ளை, தமிழெழுத்தின் முன் ஊமையாக நிற்கிறான். தமிழ்வழிப் பள்ளிகள் இங்கே அருகிவிட்டன. பிழைப்பை எண்ணி ஆங்கிலப் பள்ளியிலும், நாட்டு மொழியை எண்ணிக் கன்னடப் பள்ளியிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் தாய்மொழி எழுத்தைக் கற்பிக்கும் கடமை பள்ளியிடமிருந்து வீட்டுக்கு மாறிவிட்டது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

எந்த ஊரில் இத் தவறு நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அயோத்திதாச பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது, அதை ஆவலோடு வரவேற்ற ஊர்களுள் நம் தங்கவயலும் ஒன்று. அவர் 1914-இல் மறைந்த பின், அவ்விதழை 1926-இல் மீண்டும் எழுப்பி நடத்தியவர் ஜி. அப்பாதுரையார், நடத்திய இடம் இந்தக் கோலார் தங்கவயல். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுத் தமிழுலகிற்கு வழங்கிய சித்தார்த்த புத்தகசாலை இருந்தது எங்கே? சென்னையிலன்று, மதுரையிலன்று; இதே சாம்பியன் ரீப்சில்! பகலொளி காணாமல் பாறை குடைந்த மக்களின் ஊர், தமிழ்நாட்டிற்கே நூல் அனுப்பிய ஊர். எழுத்தறியாத என் பாட்டனார்கூட, பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே பல செய்திகளை மனப்பாடமாகச் சொல்வார். அந்த ஊரின் பேரப்பிள்ளை ஒருவன் இன்று, ‘எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது’ என்று தலை கவிழ்ந்து இறங்கிப் போகிறான். தலை கவிழ வேண்டியவர் அவனா, நாமா?

“என்ன செய்வது? நேரமில்லையே!” என்பீர்கள். அதையும் நான் அறிவேன். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் வாழ்வு தண்டவாளத்தின் மேல் ஏறிக்கொண்டது. விடியுமுன் மாரிகுப்பத்து வண்டியைப் பிடித்துப் பெங்களூர் சென்று, இரவு வீடு சேரும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். உறங்கும் முகத்தை மட்டுமே காணும் தந்தையர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு நாளும் நிலையத்தில் காண்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் குழந்தைகளுக்கென எழுதியவர்கள் எல்லாரும் ஓய்வு மிகுந்த செல்வர்களா? புதுக்கோட்டையை அடுத்த ராயவரத்தில் 1922-இல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, இந்தியன் வங்கியில் பணிபுரிந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றவும் முன்னின்றார். ‘ஆதனின் பொம்மை’ என்னும் நூலுக்காக 2023-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற உதயசங்கர் யார்? புகைவண்டி நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவர்! கீழடி மண்ணின் பழமையைச் சிறுவர்க்குக் கதையாக்கிய கை, பச்சைக் கொடியும் பிடித்த கை. அவர்கள் எழுதவே நேரம் கண்டார்கள். நாம் படிக்கவாவது காணலாமன்றோ?

வெளி உலகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிதைந்து கிடந்த ஜெர்மனிக்குத் திரும்பி வந்த ஜெல்லா லெப்மன் என்னும் அம்மையார், குழந்தைகளுக்கு ரொட்டி தேவைப்படுவது போலவே புத்தகமும் தேவை என்று கருதி, பல நாடுகளிடம் சிறுவர் நூல்களைக் கேட்டுப் பெற்று, 1946-இல் மியூனிக் நகரில் காட்சிக்கு வைத்தார். 1949-இல் அங்கே பன்னாட்டு இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. 1953-இல் சிறுவர் நூல்களுக்கான பன்னாட்டுக் கழகம் உருவாயிற்று. அக் கழகம் 1967 முதல் ஏப்ரல் 2-ஆம் நாளை உலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடி வருகிறது. ஊரே இடிந்து கிடந்தபோது அந்த அம்மையார் தொடங்கினார். நம் ஊரில் சுரங்கந்தான் மூடிக் கிடக்கிறது. வீடுகள் நிற்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே, இப் பேரவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன்.

முதலாவது, பெங்களூர் வண்டியில் செல்லும் தந்தையர்க்கு. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. கோபயாஷி ஒரு குழந்தைக்குக் கொடுத்ததும் அதே நான்கு மணிதான். உங்கள் பிள்ளை படிக்கும் புத்தகத்தை வாரத்தில் ஒருநாள் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியேறுங்கள். சின்னப் பிள்ளைப் புத்தகமா என்று பக்கத்திலிருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம், ‘எனக்கு இந்த இடம் பிடித்தது, உனக்கு எது பிடித்தது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலை முழுதும் கேளுங்கள்.

இரண்டாவது, தமிழெழுத்தைப் பற்றி. அதை மானத்தின் பெயரால் திணிக்காதீர்கள். ‘தமிழனாகப் பிறந்துவிட்டு வெட்கமாக இல்லையா?’ என்று கேட்டு எந்தப் பிள்ளையும் எழுத்துக் கற்றதில்லை. கதையால் ஈர்க்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறுசிறு நூல்களை அமைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையும் நாணமின்றி ‘நுழை’யில் தொடங்கலாம். அத்தகைய நூல்களை வருவித்து, மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்படி செய்வோம்.

மூன்றாவது, நம் சங்கத்திற்கே. இந்தக் கட்டடத்தின் உள்ளறையில் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் நல்ல நூல்கள் இருக்கின்றன. பூட்டும் இருக்கிறது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பூட்டினோம். கிழிந்த புத்தகத்தை ஒட்டலாம். திறக்கப்படாத புத்தகத்தை என்ன செய்வது? ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் அந்தப் பூட்டைத் திறப்போம். பக்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். நூலைத் திருப்பித் தரும் பிள்ளை, தனக்கு அது ஏன் பிடித்தது, அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதட்டும். எந்த எழுத்திலாவது எழுதட்டும். கணக்கெழுதிப் பழகிய கை என்னுடையது. அக் குறிப்பேட்டைப் பேணும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

முடிக்கும் முன் ஒரு செய்தி. சற்றுமுன் சிற்றுண்டி வேளையில், அம்புலிமாமா கொண்டுவந்த அந்தச் சிறுவன் என்னிடம் வந்தான். “தோளில் இருப்பவர் பேசுவார் என்று அக்கா சொன்னாள். என்ன பேசுவார்?” என்று கேட்டான். “கதை சொல்வார், கடைசியில் கேள்வி கேட்பார்” என்றேன். “என்ன கேள்வி?” என்றான். நான் விரலை அந்தப் பக்கத்து எழுத்துகளின் மேல் வைத்தேன். அவன் அந்த எழுத்துகளைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு, “அலமாரி எப்போது திறப்பீர்கள்?” என்றான்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திறப்போம் என்று உங்கள் அனைவர் சார்பிலும் அவனிடம் வாக்களித்துவிட்டேன். சாவி பொருளாளர் அவர்களிடம் இருக்கிறது. என் வாக்கைக் காப்பாற்றித் தருமாறு அவரை அன்புடன் வேண்டுகிறேன்.